சீனாவில் செய்தியை நிறுத்துவது யார்? அமைச்சகமா, கட்சியா?

கேள்வி, 2 மார்ச் 2024

"சீனாவில் பத்திரிகை, டிவி, இணையம் எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவது எந்த அமைச்சகம்? நம்மூர்த் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் மாதிரி அங்கேயும் ஒன்று இருக்கும், கொஞ்சம் கண்டிப்பு அதிகம், அவ்வளவுதானே? வெளிநாட்டில் அவர்கள் செய்வதும் எல்லாத் தூதரகங்களும் செய்கிற வேலைதான் என்று நினைக்கிறேன்."

2 மார்ச், இரவு 10.40

அமைச்சகத்தைத் தேடினால் கடைசிவரை கிடைக்காது. முதல் இடத்தில் இருப்பது அரசு அலுவலகமே அல்ல, கட்சி அலுவலகம். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவுக்குக் கீழே உள்ள பிரச்சாரத் துறை. எந்தச் செய்தி முதல் பக்கம், எது எந்தப் பக்கத்திலும் வரக்கூடாது, எந்த ஆசிரியர் இருக்கலாம், யார் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் அங்கிருந்துதான் கீழே இறங்கும். மாகாணம், நகரம், மாவட்டம் என்று ஒவ்வொரு படியிலும் கட்சிக் குழுவுக்கு ஒரு பிரச்சாரத் துறை உண்டு.

2018 மார்ச் வரை பத்திரிகை, பதிப்பகம், வானொலி, சினிமா, டிவி எல்லாவற்றுக்கும் அரசில் ஒரே நிர்வாகம் இருந்தது. அந்த மாதம் அதை உடைத்தார்கள். பத்திரிகை, பதிப்பு, சினிமா மூன்றும் நேரடியாகக் கட்சியின் பிரச்சாரத் துறைக்குப் போயின. வானொலிக்கும் டிவிக்கும் மட்டும் அரசின் கீழ் ஒரு நிர்வாகம் மிச்சம். அதே சமயத்தில் மத்தியத் தொலைக்காட்சி, தேசிய வானொலி, வெளிநாட்டு வானொலி மூன்றையும் சேர்த்துச் சீன ஊடகக் குழுமம் என்று ஒன்றாக்கினார்கள். அதற்கும் தலைமை பிரச்சாரத் துறைதான்.

இதில் ஒரு வழக்கம் உண்டு, ஒரே நிறுவனம், இரண்டு பெயர்ப்பலகை என்று அவர்களே சொல்வார்கள். வெளிநாட்டு நிருபர்களைக் கூப்பிட்டு வெள்ளை அறிக்கை வெளியிடுகிறதே, சீன அமைச்சரவையான அரச பேரவையின் தகவல் அலுவலகம், அதன் வேலையைச் செய்வது பிரச்சாரத் துறை. இணையத்தைக் கவனிக்கும் இணையவெளி நிர்வாகமும் அப்படித்தான். வெளியாருக்கு அரசுப் பெயர், கட்சிக்குள் மத்திய இணையவெளி ஆணையத்தின் அலுவலகம்.

3 மார்ச், காலை 6.15

ராத்திரி எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. "பிரச்சாரம்" என்று நான் எழுதுவதைப் பார்த்துத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். சீன மொழியில் அந்தத் துறையின் பெயரே அதுதான், அந்தச் சொல்லுக்குக் கெட்ட வாடை கிடையாது. தமிழிலும் அப்படித்தானே. தேர்தல் பிரச்சாரம் என்கிறோம், போலியோ சொட்டு மருந்துப் பிரச்சாரம் என்கிறோம். ஆங்கிலத்தில் மட்டும் அதற்குப் பெயர் கெட்டுப்போனதால் 1990களின் கடைசியில் துறையின் ஆங்கிலப் பெயரை "விளம்பரம்" என்ற பொருள் வரும்படி மாற்றிக்கொண்டார்கள். சீனப் பெயரைத் தொடவில்லை. ஆங்கிலத்தைப் பார்த்து "விளம்பரத் துறை" என்று தமிழில் எழுதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். படிக்கிறவர்கள் ஏதோ அரசு விளம்பரம் கொடுக்கிற ஆபீஸ் என்று நினைத்துவிடுகிறார்கள்.

4 மார்ச், மதியம் 1.20

"உத்தரவு எழுத்தில் வருமா, வாய்மொழியாகவா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் உண்டு. பத்திரிகைகளுக்குப் பல காலம் போன் வரும், காகிதம் இருக்காது. துறையில் ஒரு வாசிப்புக் குழுவும் உண்டு. ஓய்வு பெற்ற மூத்த பிரச்சார அதிகாரிகள் உட்கார்ந்து நாட்டின் பத்திரிகைகளைப் படித்து, எது வரம்பு மீறியது என்று குறிப்பு எழுதுவார்கள். அந்தக் குறிப்பில் பெயர் வந்த ஆசிரியருக்கு அடுத்த மாதத் தூக்கம் போய்விடும். 2006 ஜனவரியில் "உறைநிலை" என்ற பெயர்பெற்ற வார இணைப்பை மூடியபோது அதன் ஆசிரியர் லீ தாதோங் இதையெல்லாம் வெளிப்படையாக எழுதினார். மார்ச் தொடக்கத்தில் இணைப்பு மறுபடி வந்தது, அவர் இல்லாமல்.

இணையம் வந்த பிறகு உத்தரவுகள் எழுத்தில் வர ஆரம்பித்தன. எழுத்து என்றால் கசியும். 2020 டிசம்பரில் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் கையில் கிடைத்தவை ஹாங்ஜோ நகர இணையவெளி அலுவலகத்தின் கோப்புகள், 3,200க்கும் மேற்பட்ட உத்தரவுகள். அதில் மருத்துவர் லீ வென்லியாங் பற்றியது இருக்கிறது.

அவரைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். வூஹானில் கண் மருத்துவர். 2019 டிசம்பர் 30 அன்று கூடப் படித்தவர்களின் குழுவில் "சார்ஸ் மாதிரி ஒன்று வருகிறது, கவனமாக இருங்கள்" என்று சொன்னார். ஜனவரி 3 அன்று போலீஸ் கூப்பிட்டு ஒரு கண்டிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியது. அந்தக் காகிதத்தின் படத்தை அவரே பிறகு வெளியிட்டார். "சட்டவிரோத நடத்தையை நிறுத்த முடியுமா?" என்று ஒரு கேள்வி. கீழே அவர் கையால் "முடியும்". "புரிந்ததா?" என்று இன்னொன்று. கீழே "புரிந்தது". இரண்டு பதிலின் மேலும் சிவப்பு மையில் கைரேகை. 2020 பிப்ரவரி 7 அன்று, அவர் எச்சரித்த அதே கொரோனாவில் இறந்தார்.

அன்று இரவு செய்தித் தளங்களுக்குப் போன உத்தரவு: கைப்பேசியில் அறிவிப்பு அனுப்பாதீர்கள். பரபரப்புப் பட்டியலிலிருந்து பெயரைப் படிப்படியாக இறக்குங்கள்.

அந்தப் "படிப்படியாக" என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். சட்டென்று எடுத்தால் மக்கள் கவனிப்பார்கள். மெதுவாக இறக்கினால், மக்களே மறந்துவிட்டதாகத் தோன்றும். ஒரு மனிதனின் சாவை எவ்வளவு வேகத்தில் மறக்க வேண்டும் என்று ஒரு அலுவலகம் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறது.

4 மார்ச், இரவு 9.05

லூ வெய் பெயரைச் சொல்லாமல் இணையவெளி நிர்வாகத்தைப் பேச முடியாது. 2014ல் அது முழு அதிகாரத்தோடு எழுந்தபோது தலைவர் அவர்தான். அமெரிக்க நிறுவனத் தலைவர்களெல்லாம் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்ட காலம். 2019 மார்ச்சில் லஞ்ச வழக்கில் 14 ஆண்டு சிறை, வாங்கிய லஞ்சம் 3 கோடியே 20 லட்சம் யுவான். ஆள் போனார், அலுவலகம் இன்னும் வளர்ந்தது. செய்தித் தளங்கள் யார் யாருடைய செய்தியை எடுத்துப் போடலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2021 அக்டோபர் பட்டியலில் 1,358 பெயர்கள். சீனாவின் நல்ல புலனாய்வுப் பத்திரிகையான ட்சாய்ஷின் அதில் இல்லை. மூடவில்லை, தடை இல்லை. மற்றவர்கள் அதை எடுத்துப் போடக்கூடாது, அவ்வளவுதான்.

7 மார்ச், காலை 7.50

"அங்கிருக்கும் பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் அடிமைகளா" என்று ஒரு கருத்து. இது எனக்கு வலிக்கிறது. கஞ்சிக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

2013 புத்தாண்டு. குவாங்ஜோவில் "தெற்கு வார இதழ்" அரசியல் சட்டப்படியான ஆட்சி என்ற கனவைப் பற்றித் தலையங்கம் எழுதுகிறது. அச்சுக்கு முன் மாகாணப் பிரச்சாரத் துறை கைவைத்ததும், கனவு போய்க் கட்சிக்குப் பாராட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. ஆசிரியர் குழு கையெழுத்திட்டு வீட்டுக்குப் போன பிறகும் மாற்றியிருக்கிறார்கள். முதல் பக்க முன்னுரையில், யூ மன்னன் வெள்ளத்தை அடக்கியது 2,000 ஆண்டுக்கு முன் என்று அச்சாகிவிட்டது. அது 4,000 என்று அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நம்மூரில் கல்லணையைக் கட்டியது வெள்ளைக்காரன் என்று தலையங்கத்தில் வந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

நிருபர்கள் வேலைநிறுத்தம் என்று எழுந்தார்கள். அலுவலக வாசலில் மக்கள் மஞ்சள் சாமந்திப் பூ கொண்டுவந்து வைத்தார்கள். மேலிடம் என்ன செய்தது? இதெல்லாம் வெளிச் சக்திகளின் தூண்டுதல் என்று சொல்லும் ஒரு தலையங்கத்தை மற்றப் பத்திரிகைகள் எல்லாம் மறுபடி அச்சிட வேண்டும் என்று உத்தரவிட்டது. பெய்ஜிங்கின் ஒரு நாளிதழ் முதல் நாள் மறுத்தது. பிறகு நெருக்கித் தள்ளி அச்சிட வைத்தார்கள். அதே நாள் அதே பத்திரிகையின் சாப்பாட்டுப் பக்கத்தில் தெற்கத்திக் கஞ்சியைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை வந்தது. சூடான கஞ்சி, குளிர்கால இரவு, தைரியம் தரும் கஞ்சி என்று. சீனத்தில் கஞ்சிக்கும், அந்த வார இதழின் பெயரில் வரும் "வாரம்" என்ற சொல்லுக்கும் ஒரே உச்சரிப்பு, "ஜோ". வாசகர்களுக்கு விளங்கிவிட்டது.

அந்தக் கட்டுரையை எழுதியவர் அடிமை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்போது மாகாணப் பிரச்சாரத் துறைத் தலைவராக இருந்த துவோ ஜென் பிற்பாடு கட்சியின் அதிகாரபூர்வப் பத்திரிகையான மக்கள் நாளிதழின் தலைவரானார். இதற்கு மேல் நான் ஏதும் சேர்க்க வேண்டியதில்லை.

9 மார்ச், மாலை 4.30

வெளிநாட்டு வேலைக்கு வருகிறேன். இங்கே பெயர்கள் குழம்பும், மெதுவாகப் படியுங்கள்.

மாவோ 1939ல் மூன்று மந்திர ஆயுதங்கள் என்று சொன்னார்: ஐக்கிய முன்னணி, ஆயுதப் போராட்டம், கட்சி கட்டுவது. அந்த முதலாவது ஆயுதத்துக்கு இன்றும் தனித் துறை இருக்கிறது, ஐக்கிய முன்னணிப் பணித் துறை. கட்சியில் இல்லாதவர்களைக் கட்சியின் பக்கம் வைத்திருப்பது அதன் வேலை. மதம், சிறுபான்மை இனங்கள், தனியார் முதலாளிகள், கடல் கடந்த சீனர்கள். 2018ல் அரசின் கடல் கடந்த சீனர் அலுவலகத்தையும் அது விழுங்கிக்கொண்டது. 1952ல் தொடங்கிய சீனச் செய்திச் சேவையும் கூடவே வந்தது. வெளிநாட்டில் உள்ள சீனமொழிப் பத்திரிகைகள் பலவற்றுக்குச் செய்தி ஊற்று அதுதான். வேற்று நாட்டு அரசியல் கட்சிகளோடு உறவு வைக்கத் தனியாக 1951லிருந்து பன்னாட்டுத் தொடர்புத் துறை. இதுவும் கட்சியுடையது, வெளியுறவு அமைச்சகத்துக்குச் சம்பந்தமில்லை.

வேலை நடக்கும் விதம் ஊர்ச் சங்கம் நடத்துகிற மாதிரி. விருந்து, நன்கொடை, மேடையில் நாற்காலி, பெய்ஜிங் மாநாட்டுக்கு அழைப்பு. எல்லாமே சட்டப்படி சரி, எல்லாமே மரியாதை. எங்கே எல்லை தாண்டுகிறது என்று சொல்வதுதான் கஷ்டம். போன மாதம் 29ஆம் தேதி மெல்பர்னில் ஒருவருக்கு 2 ஆண்டு 9 மாதம் சிறை கிடைத்தது. 2018ல் ஆஸ்திரேலியா கொண்டுவந்த அந்நியத் தலையீட்டுச் சட்டத்தில் முதல் தண்டனை. அவர் செய்தது என்ன? ஒரு மருத்துவமனைக்கு 37,450 ஆஸ்திரேலிய டாலர் நன்கொடை. அதை ஒரு அமைச்சரின் கையால் கொடுக்க வைத்து அவரோடு நெருங்கப் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. நன்கொடை தப்பில்லை, அதன் பின்னாலிருந்த தொடர்புதான் தப்பு.

9 மார்ச், மாலை 5.10

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்போ வெளிநாட்டுச் சீனர்கள் எல்லாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். இந்தத் துறைகளின் கை முதலில் விழுவது அவர்கள் மேல்தான். தங்கள் மொழியில் ஒரு சுதந்திரப் பத்திரிகை படிக்க முடியாமல் போனவர்கள் அவர்கள். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்குப் போலீஸ் போன் வருமோ என்று பயப்படுகிறவர்களும் அவர்கள்தான்.

12 மார்ச், இரவு 11.30

எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை ஏன் என்று கேட்டவருக்கு.

திருப்பூர்க் கம்பெனிகளுக்குப் பட்டன், ஜிப், லேஸ் வாங்கிக் கொடுக்கிற தொழிலில் பல வருடம் குவாங்ஜோ போய் வந்தேன். ஜோங்தா துணிச் சந்தையில் ஒரு கடைக்காரர், என் வயது, நல்ல சிநேகம். 2017 ஜூலை, லியூ சியாவ்போ சிறைக் காவலில் புற்றுநோயால் இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அமைதிக்கான நோபல் வாங்கிய எழுத்தாளர், சிறையில் இருந்ததால் 2010ல் மேடையில் காலி நாற்காலி வைத்தார்களே, அவர். எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். நான் யோசிக்காமல் அந்தக் காலி நாற்காலிப் படத்தை வீசாட்டில் அவருக்கு அனுப்பினேன். என் போனில் படம் போய்விட்டது. மேஜை மேல் ஒரு சாண் தள்ளி இருந்த அவர் போனில் ஒன்றும் வரவில்லை. நெட்வொர்க் என்று நினைத்து ஒரு ஜிப்பின் படத்தை அனுப்பினேன். உடனே மணி அடித்தது. மறுபடி நாற்காலி. வரவில்லை. "மறுக்கப்பட்டது" என்று எனக்கும் சொல்லவில்லை, "ஒன்று வந்தது" என்று அவருக்கும் சொல்லவில்லை.

அவர் என்ன படம் என்று கேட்டார். நான் என் போனைத் திருப்பிக் காட்டினேன். பார்த்தார், என் போனைக் கவிழ்த்து வைத்தார், டீ ஊற்றினார். பட்டன் விலைக்குப் போய்விட்டோம்.

அவரைச் சங்கடத்தில் மாட்டிவிட்டேனே என்று பல நாள் உறுத்தியது. எனக்கு அது ஒரு படம், அவருக்கு அது கடை, பிள்ளை படிப்பு எல்லாம். டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த வாரமே சோதித்துப் பார்த்துத் தனி உரையாடலிலும் படங்கள் தடுக்கப்படுவதை எழுதினார்கள். அதைப் படித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் தெளிந்தது.

15 மார்ச், காலை 8.00

திருத்தம். முன்பு வேறொரு பேச்சில், "ஐம்பது காசுப் படை" என்று சொல்லப்படும் அரசின் கூலி எழுத்தாளர்கள் எதிர்ப்பவர்களோடு சண்டை போடுவார்கள் என்று எழுதியிருந்தேன். தப்பு. ஹார்வர்டின் கேரி கிங் குழு, ஜியாங்ஷி மாகாணத்தில் ஒரு மாவட்ட இணையப் பிரச்சார அலுவலகத்தின் கசிந்த மின்னஞ்சல்களை வைத்து 2017ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. ஆண்டுக்கு சுமார் 44 கோடியே 80 லட்சம் பதிவுகள் என்பது அவர்கள் கணக்கு. அவை சண்டைக்கே போவதில்லை. தியாகிகள் தினம், ஊர் வளர்ச்சி, நல்ல செய்தி என்று பேச்சைத் திருப்பிவிடுகின்றன. எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அரசு ஊழியர்கள், ஐம்பது காசு வாங்கியதற்கு அத்தாட்சி இல்லை.

16 மார்ச், மதியம்

"பி.பி.சி.யும் அரசு ஏற்பாட்டில் நடப்பதுதானே, சீனாவை மட்டும் ஏன்" என்பதற்கு. நியாயமான கேள்வி. பணம் எங்கிருந்து வருகிறது என்பது பாதிதான். அந்த அரசையே குடைந்து செய்தி போட முடியுமா என்பது மீதிப் பாதி. ஈராக் போர்ச் செய்தியில் பிரிட்டன் அரசோடு மோதி 2004ல் பி.பி.சி.யின் தலைவரும் தலைமை இயக்குநரும் பதவி விலகினார்கள். அரசின் அழுத்தம் அங்கேயும் உண்டு என்பதற்கு அது சாட்சி, மோத முடிந்தது என்பதற்கும் அதுவே சாட்சி. 2016 பிப்ரவரி 19 அன்று ஷி ஜின்பிங் மூன்று பெரிய ஊடக நிறுவனங்களுக்குப் போனபோது மத்தியத் தொலைக்காட்சியின் திரையில் வந்த வரவேற்பு வாசகம்: "தொலைக்காட்சியின் குலப்பெயர் கட்சி, முழு விசுவாசம், பார்வையிட வாருங்கள்." அதை இணையத்தில் கேள்வி கேட்ட ரியல் எஸ்டேட் தொழிலதிபர் ரென் ஜிசியாங்கின் கணக்கு மூடப்பட்டது, 3 கோடியே 70 லட்சம் பேர் பின்தொடர்ந்த கணக்கு. 2020ல் ஊழல் வழக்கில் அவருக்கு 18 ஆண்டு சிறை.

16 மார்ச், இரவு 10.15

தமிழர்கள் பக்கம் என்ன என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். 2021 டிசம்பரில் கொழும்பிலிருந்த சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்து வேட்டி கட்டி நல்லூர் முருகனைக் கும்பிட்டதைச் சொல்கிறார்கள். அது வெளியுறவு அமைச்சகத்தின் வேலை, எந்தத் தூதரும் செய்யக்கூடியது. அதைப் போய் நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். 2020 அக்டோபரில் தைவான் தேசிய நாளுக்கு முன்னால், தைவானை நாடு என்று எழுதாதீர்கள் என்று தில்லியிலிருந்து இந்தியப் பத்திரிகைகளுக்குச் சீனத் தூதரகம் கடிதம் போட்டதே, அது வேறு. உள்ளூர்ப் பிரச்சாரத் துறையின் பழக்கத்தை அப்படியே வெளியூருக்குக் கொண்டுவந்தது.

நமக்கு உண்மையில் நெருக்கமானது வானொலி. பீக்கிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது, எல்லைப் போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1993லிருந்து பெயர் சீன வானொலி நிலையம். இன்று அது முதல் நாள் சொன்ன ஊடகக் குழுமத்துக்குள். அதாவது பிரச்சாரத் துறைக்குக் கீழ். இதே நிலையம்தான், வெளியே தெரியாமல் கம்பெனிகளை இடையில் வைத்து 14 நாடுகளில் குறைந்தது 33 வானொலிகளுக்குத் தன் நிகழ்ச்சிகளைக் கொடுத்தது என்று ராய்ட்டர்ஸ் 2015ல் கண்டுபிடித்தது. கடன் வாங்கிய படகில் கடலுக்குப் போவது என்று அந்த உத்திக்குச் சீனத்தில் பெயர்.

தமிழ்ப் பிரிவு அப்படி ஒளியவில்லை, பெயர் சொல்லித்தான் பேசியது. தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீனர்கள், கொஞ்சம் ஏட்டுத் தமிழில், சிற்றலையில். என் அப்பா 1980களில் நேயர். பிலிப்ஸ் டிரான்சிஸ்டரைத் திண்ணை மூலையில் ஒரு கோணத்தில் வைத்துத்தான் கேட்க முடியும், அந்த இடத்தில் சாக்பீஸில் கோடு போட்டிருந்தார். கடிதம் போட்டால் பதில் வரும். உறைக்குள் காகிதத்தில் வெட்டிய சிவப்பு மீன், புத்தகத்தில் வைக்கிற பட்டு நாடா.

17 மார்ச், இரவு 8.40

இன்று அப்பாவிடம் இதெல்லாம் சொன்னேன். பிரச்சாரத் துறை, காலி நாற்காலி, கண் டாக்டர் எல்லாம். "பிரச்சாரம்னு தெரியாமயா கேட்டோம்?" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஆனா அந்த டாக்டர் சமாச்சாரம் எனக்குத் தெரியாதுடா" என்றார்.

பீரோவிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து ஒரு கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார், அவருக்கு இப்போது எழுத்து தெரிவதில்லை. 1987. குண்டு குண்டான தமிழ் எழுத்து, ஒவ்வொரு புள்ளியும் கவனமாக வைத்தது. பொங்கல் எப்படிக் கொண்டாடினீர்கள் என்று கேட்டிருக்கிறார் எழுதியவர். கடைசி வரி: "உங்கள் ஊரில் எங்கள் ஒலிபரப்பு தெளிவாகக் கேட்கிறதா, இடையில் ஏதாவது மறைந்து போகிறதா என்று மறக்காமல் எழுதுங்கள்."

என்ன பதில் போட்டீர்கள் என்று கேட்டேன். "நல்லா கேக்குதுன்னுதான் போட்டேன்" என்றார்.